பரையா: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் பயன்பாடும்



ஆங்கிலம் பல மொழிகளிலிருந்து சொற்களைக் கடன் வாங்கி வளர்ந்த மொழி என்பதை வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அந்தக் கடன் கணக்கில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு. நம் கடற்கரை மீனவர் ஏறிச் செல்லும் கட்டுமரம் அங்கே 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்னும் பெயரில் சீமைச் சாப்பாட்டு மேசை வரை சென்றது. இவற்றையெல்லாம் கேட்கும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே வழியாகக் கப்பலேறிய சொற்களுள் ஒன்றைப் பற்றி நாம் பெருமைப்பட இயலாது. அதுவே 'பரையா' என்னும் சொல். ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கும் மாணவி இதனை அடிக்கடி சந்திப்பாள். அகராதியைத் திறந்தால் 'எல்லோராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் எழுதியிருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் 'தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது' என்றும் எழுதியிருக்கும். இந்தச் சிறிய எழுத்து வரியை நாம் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். ஆகவே இவ்வாண்டு மலரில் இந்த ஒரு சொல்லையே பாடமாக எடுத்துக் கொள்கிறோம்.

உச்சரிப்பும் எழுத்தும்

இச்சொல்லைப் பலர் 'பாரியா' என்றும் 'பேரியா' என்றும் வாசிப்பதைக் கேட்கிறோம். முற்கால ஆங்கிலேயரிடம் முதல் அசையை அழுத்தும் வழக்கமும் இருந்ததுண்டு. இன்று பெரும்பாலும் வழங்குவது 'பரையா' என்னும் ஒலியே. நடுவிலுள்ள 'ரை' என்னும் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

எழுத்துக்கூட்டில் கவனம் தேவை. பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச் என்று ஆறு எழுத்துகள். இறுதியில் வரும் 'எச்' ஒலிப்பதில்லை. 'மெசையா', 'ஜெரமையா' என்னும் விவிலியப் பெயர்களின் இறுதியிலும் இதே எழுத்து ஒலியின்றி நிற்பதை ஒப்பிட்டு நினைவில் வைத்துக் கொள்ளலாம். தேர்வில் இந்த 'எச்' எழுத்தை விட்டுவிடுவோர் பலர்.

இலக்கணம்

இது பெயர்ச்சொல், எண்ணக்கூடிய பெயர். ஒருமையில் 'அ பரையா' என்றும், பன்மையில் 'பரையாஸ்' என்றும் வரும். மெய்யொலியில் தொடங்குவதால் 'ஆன்' என்னும் முன்னொட்டு வராது.

வேறொரு பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று அதற்கு அடையாகவும் வரும். செய்தித்தாள்களில் காணும் 'பரையா ஸ்டேட்' என்னும் தொடர் இவ்வகையானது. உலக நாடுகள் உறவு கொள்ளாமல் ஒதுக்கி வைத்த நாடு என்பது இதன் பொருள். இனவெறிச் சட்டங்களை வைத்திருந்த காலத்தில் தென்னாப்பிரிக்கா இவ்வாறு குறிக்கப்பட்டது. 1964 முதல் 1988 வரை எந்த ஒலிம்பிக் பந்தயத்திலும் அந்நாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. 1992-இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. கறுப்பு மக்களைத் தெருவிலும் ரயிலிலும் பள்ளியிலும் ஒதுக்கிய அரசை, உலகம் விளையாட்டுத் திடலிலிருந்து ஒதுக்கியது. அந்த ஒதுக்கலைச் சொல்ல ஆங்கிலப் பத்திரிகைகள் எடுத்துக் கொண்டதோ, வேறு ஒரு நாட்டில் ஒதுக்கப்பட்ட ஏழை மக்களின் பெயரை!

இச்சொல்லுக்கு வினை வடிவம் இல்லை. 'அவரைப் பரையா ஆக்கினார்கள்' என்னும் கருத்தை 'தே மேட் ஹிம் அ பரையா' என்று எழுதுவது இலக்கணப்படி சரி. 'ஹீ வாஸ் பரையாட்' என்று எழுதுவது பிழை. ஆனால் இலக்கணப்படி சரியாக இருப்பது எல்லாம் எழுதத் தக்கது ஆகிவிடாது. அதைப் பின்னர் காண்போம்.

ஒத்த சொற்களும் வேற்றுமையும்

இகழ்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல உள்ளன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே வேறுபடுத்திக் கொள்வோம்.

'ஸ்கார்ன்' என்பது வெளிப்படையான ஏளனம். சொல்லிலும் சிரிப்பிலும் முகக்குறிப்பிலும் அது வெளியே தெரியும்.

'கண்டெம்ப்ட்' என்பது ஒருவரை மதிக்கத் தகுதியற்றவர் என்று மனத்தில் முடிவு கட்டிவிடுதல். 'கண்டெம்ப்ட் ஆஃப் கோர்ட்' என்பதை நாம் நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்கிறோம்.

'டிஸ்டெய்ன்' என்பது, தான் உயர்ந்த இடத்தில் இருப்பதாக எண்ணிப் பிறரைக் குனிந்து நோக்குதல். நம் வழக்கில் மேட்டிமை என்றும் எளக்காரம் என்றும் சொல்வதற்கு நெருங்கியது.

இம்மூன்று சொற்களையும் கூர்ந்து பாருங்கள். மூன்றும் இகழ்கிறவனுடைய மனத்தைக் குறிக்கின்றன. ஒருவரிடம் 'டிஸ்டெய்ன்' இருக்கிறது என்றால் குறை அவரிடமே இருக்கிறது. 'பரையா' என்னும் சொல்லோ அப்படியன்று. அது இகழப்பட்டவர் மீது ஒட்டப்படும் பெயர். இகழ்ந்தவன் யார், எதற்காக இகழ்ந்தான் என்று அச்சொல் கேட்பதே இல்லை. குற்றம் செய்தவன் மறைந்து விடுகிறான். அடிபட்டவனுக்கே பழி நிற்கிறது. இந்தச் சொல்லில் உள்ள அநீதியின் வேர் இதுவே.

இன்னொரு வேற்றுமையும் மாணவியர் அறிய வேண்டும். 'அவுட்காஸ்ட்' என்ற சொல்லை 'காஸ்ட்', அதாவது சாதி என்ற சொல்லோடு சேர்த்துக் குழப்பிக் கொள்வதுண்டு. இறுதியில் 'ஈ' இல்லாத 'அவுட்காஸ்ட்' பழைய ஆங்கிலச் சொல். வெளியே எறியப்பட்டவர் என்பது அதன் பொருள். 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் அச்சொல் உண்டு. சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' போர்த்துக்கீசியரின் 'காஸ்தா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. குலம், இனம் என்பது அதன் பொருள். பின்னர் சாதியிலிருந்து விலக்கப்பட்டவரைக் குறிக்க, இறுதியில் 'ஈ' சேர்த்து 'அவுட்காஸ்ட்' என்று தனியே எழுதலாயினர். ஒலி ஏறக்குறைய ஒன்று, பிறப்பு வேறு.

சொல்லின் பிறப்பு

'பரையா' என்பதற்கு மூலம் தமிழிலுள்ள 'பறையர்' என்னும் பெயரே. இப்பெயர் பறை என்னும் தோற்கருவியிலிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிகள் கூறுகின்றன.

பறை என்பது தமிழில் தாழ்ந்த சொல்லா? ஒருபோதும் இல்லை. பறை என்றால் முழங்கும் கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். அரசனுடைய ஆணையை ஊருக்கு அறிவித்தது பறை. போருக்கும் திருமணத்திற்கும் அறுவடைக்கும் முழங்கியதும் பறையே. திருப்பாவையில் ஆண்டாள் நோன்பின் பயனாகக் கண்ணனிடம் வேண்டுவதும் பறைதான். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில், மலையாளம் கலந்து பேசும் ஊர்களில், சொல்லுதல் என்ற பொருளில் 'பறைதல்' இன்றும் நாவில் புழங்குகிறது. அங்குள்ள ஒரு பாட்டி 'அவ என்ன பறைஞ்சா?' என்று கேட்டால் அதில் இழிவு ஏதும் இல்லை.

சங்க நூலான புறநானூற்றின் 335-ஆம் பாடல் மாங்குடி கிழார் பாடியது. அதில் பாணன், துடியன், கடம்பன் ஆகியோரோடு பறையனும் சிறந்த குடியினராக எண்ணப்படுகின்றனர். ஆகவே, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் மதிப்போடு வழங்கிய பெயர் அது. பிற்காலத்தில் நிலம் ஒருவர் கையிலும் உழைப்பு மற்றொருவர் உடலிலும் என்று பிரிந்தது. தீண்டாமை வலுத்தது. உழுதும் நட்டும் அறுத்தும் ஊருக்குச் சோறளித்த மக்கள் ஊருக்கு வெளியே குடியிருத்தப்பட்டனர். மக்களைத் தாழ்த்தியவர்கள் அவர்களுடைய பெயரையும் தாழ்த்தி விட்டனர். நம் தென் மாவட்டங்களில் இம்மக்களுள் பெரும்பாலோர் சாம்பவர் என்னும் பெயரால் வழங்குகின்றனர்.

கப்பலேறிய கதை

வாஸ்கோ ட காமாவுக்குப் பின் போர்த்துக்கீசியர் நம் கரைக்கு வந்தனர். அவர்களுள் துவார்த்தே பர்போசா என்பவர் 1516-ஐ ஒட்டி எழுதிய நூலில் இப்பெயர் இடம்பெறுகிறது. ஆங்கிலத்தில் 1613-ஆம் ஆண்டு முதல் இதனைக் காண்பதாக அகராதிகள் கூறும். அப்போது அது தமிழகத்து மக்கட் பிரிவு ஒன்றின் பெயராக மட்டுமே இருந்தது. இகழ்ச்சிப் பொருள் எல்லோருக்கும் பொதுவானதாக அப்போது விரிந்துவிடவில்லை.

பின்னர் இரண்டு வழிகளில் அப்பொருள் பரவிற்று. ஒன்று, இந்தியாவில் வாழ்ந்த வெள்ளையர் வழக்கு. தெருவில் திரியும் நாட்டு நாய்க்கு 'பரையா டாக்' என்றும், வானில் வட்டமிடும் கரும்பருந்துக்கு 'பரையா கைட்' என்றும் பெயரிட்டனர். அதே பருந்தினத்தில் சிவந்த இறகும் வெள்ளைத் தலையும் கொண்ட செம்பருந்துக்கு 'பிராமினி கைட்' என்று பெயர் வைத்தனர். ஆண்டவன் படைத்த பறவைகளுக்கும் சாதி கொடுத்து விட்டார்கள்! பறவை நூல்களில் 'பரையா கைட்' என்ற பெயர் இப்போது மறைந்து 'பிளாக் கைட்' என்பதே வழங்குகிறது.

மற்றொன்று, ஐரோப்பிய இலக்கியம். பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன் பியேர் 1791-இல் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' என்ற கதையில், கற்றறிந்தோரிடம் கிடைக்காத ஞானம் ஒதுக்கப்பட்ட ஒருவரின் குடிசையில் கிடைப்பதாகக் காட்டினார். 1821-இல் தெலாவீஞ் என்பவரின் 'பரையா' நாடகம் பாரிசில் அரங்கேறியது. ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயும் இப்பெயரில் கவிதை இயற்றினார். இவர்கள் இரக்கத்தோடுதான் எழுதினர். ஆயினும் விளைவு என்ன? ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக அது ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது. தமிழ்நாட்டையே அறியாதவர் நாவிலும் தமிழ் மக்களின் பெயர் இழிவின் பெயராயிற்று. இரக்கம் கொண்டவர் கையிலும் சொல் காயப்படுத்தக் கூடும் என்பதற்கு இது சான்று.

பெயருக்கு உரியவர் என்ன செய்தனர்?

இச்சொல்லுக்கு உரிய மக்கள் வாளாவிருந்தார்கள் என்று எண்ணக் கூடாது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி மற்றவர் குனிய வைத்தார்களோ, அந்தப் பெயரையே தலைப்பாக நிமிர்த்தி வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியைக் கண்டார். அப்பெயரே தமக்கு வேண்டாம், தாம் பூர்வத் தமிழர் என்று எழுதினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கினார். எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் முயன்றதன் பயனாக 1922-இல் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது.

காந்தியடிகள் 'அரிஜன்' என்ற பெயரைப் பரப்பினார். 1933-இல் அப்பெயரில் வார இதழும் நடத்தினார். நல்லெண்ணத்தோடு கொடுத்த பெயர்தான். ஆனால் பெற்றவர்களுள் பலர் அதனை விரும்பவில்லை. டாக்டர் அம்பேத்கரும் ஏற்கவில்லை. இன்று அரசாங்கமும் அதனைப் பயன்படுத்துவதில்லை. இதிலிருந்து நாம் அறியும் நீதி: ஒருவரை எப்பெயரால் அழைப்பது என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

நம் மண்ணின் சாட்சி

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று நினைக்க வேண்டாம். நம் நாஞ்சில் நாடு முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கே இகழ்ச்சி சொல்லில் மட்டும் நிற்கவில்லை; உடையிலும் வழியிலும் வாசலிலும் சட்டமாக நின்றது. உழைக்கும் குலத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26-இல் வந்த அரச விளம்பரம் நாடார் குலப் பெண்களுக்கு மேலாடை உரிமை அளித்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1936 நவம்பர் 12-இல் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பின்னரே அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன.

அந்தச் சுசீந்திரம் போராட்டத்தில் கலந்து கொண்டவர்களுள் ஒருவர் நம் பூதப்பாண்டியில் பிறந்தவர். 1907 ஆகஸ்ட் 21-இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. நாம் அறிந்த பெயர் ப. ஜீவானந்தம். தனித்தமிழ்ப் பற்றினால் சில காலம் தம் பெயரை 'உயிரின்பன்' என்று மாற்றி வைத்திருந்ததும் உண்டு. தம் பெயரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு இருந்தது போல எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பதை அவர் வாழ்வே காட்டிற்று. இளமையிலேயே தீண்டாமையை எதிர்த்து நின்றார். 1963 ஜனவரி 18-இல் மறையும் வரை ஏழையரோடு ஏழையாக வாழ்ந்தார். பழையாற்றங்கரையில் பிறந்த அந்தப் பெரியவரின் ஊரில் படிக்கும் நாம், மனிதரை இழிவு செய்யும் சொல்லை எளிதாக நாவில் எடுக்கலாமா?

கிறிஸ்தவர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. நட்டாலத்தில் 1712-இல் உயர்குலத்தில் பிறந்த நீலகண்டன், 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். அரண்மனைப் பணியில் இருந்தவரை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று அவமதித்தார்கள். 1752 ஜனவரி 14-இல் நமக்கு அண்மையிலுள்ள ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமாபுரியில் புனிதராக உயர்த்தப்பட்டார். அப்போது அவர் பெயரோடு வழங்கி வந்த 'பிள்ளை' என்னும் சாதிப்பட்டம் விலக்கப்பட்டது. சாதியைத் துறந்தவருக்குச் சாதிப்பட்டம் எதற்கு என்ற வேண்டுகோள் ஏற்கப்பட்டது.

ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னர் எழுந்த கோவிலுக்குள் இரு சாதியார் தனித்தனியே நிற்கும்படி சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1910-இல்தான் கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதன் பேரில் வழக்கும் நடந்தது. பலிபீடத்தின் முன்னும் சுவர் எழுப்பும் வல்லமை சாதிக்கு உண்டு என்பதை நாம் மறைக்காமல் சொல்லிக் கொள்வது நல்லது. சுவரை இடிப்பது ஒரு நாள் வேலை. சொல்லில் உள்ள சுவரை இடிக்க நெடுநாள் ஆகிறது.

கடல் கடந்த தமிழர் பட்ட வேதனை

மலேசியாவில் 'இந்தர்லோக்' என்ற மலாய் நாவல் உண்டு. 1971-இல் வெளிவந்தது, எழுதியவர் அப்துல்லா ஹுசைன். 2011-இல் அது ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இலக்கியப் பாடநூலாக வைக்கப்பட்டது. அங்கு வேலைக்கு வந்த தமிழரைக் குறித்து 'பரியா' என்ற சொல் அதில் வந்ததால் பெற்றோர் கொதித்தெழுந்தனர். மலாய் மொழியிலும் அது வசவுச் சொல்லாக வழங்குவதே காரணம். திருத்துவதாகப் பேச்சு நடந்தது. முடிவில் அவ்வாண்டிலேயே நூல் பள்ளிகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

வகுப்பில் பாடம் வாசிக்கப்படும்போது ஒரு சொல் வருகிறது. மற்ற பிள்ளைகள் திரும்பி ஒரு பிள்ளையைப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாடநூலில் அச்சான சொல் என்பதால் அதன் வலி குறைவதில்லை. ஆசிரியரே வாசிப்பதால் கூடுகிறது.

எதிர்த்திசையில் வந்த சொல்

தமிழ்ப்பெயர் ஆங்கிலத்தில் வசவானது போல, ஆங்கிலச் சொல் ஒன்று நம்மிடம் வந்து இகழ்ச்சியாகி இருக்கிறது. அது 'காலனி'. இலத்தீன் மொழியில் 'கொலோனியா' என்றால் உழவர் குடியேற்றம். நகரத்தில் 'ஆபீசர்ஸ் காலனி' என்றால் மதிப்பு. கிராமத்தில் 'காலனிக்காரி' என்றால் ஏளனம். அதே சொல்தான்; சொல்கிறவர் மனம்தான் வேறு.

இதனை உணர்ந்து கேரள அரசு 2024 ஜூனில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு அப்பெயரை விலக்கியது. தமிழக அரசும் 2025 ஏப்ரலில் 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தது.

வீட்டில் கோபத்தில் வாய்க்கு வரும் 'சண்டாளி' என்ற சொல்லும் இத்தகையதே. அது பழைய நூல்களில் ஒதுக்கப்பட்ட ஒரு சாதியின் பெயர். அதனைப் பாட்டிலும் படத்திலும் மேடையிலும் வசவாகப் பயன்படுத்தலாகாது என 2024-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் எச்சரித்தது. பெற்றோர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறோம். பிள்ளைகள் பள்ளியில் சொற்பொருள் கற்கிறார்கள். சொல்லின் தொனியை வீட்டில்தான் கற்கிறார்கள்.

சட்டம் கூறுவது

1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பட்டியல் இனத்தவர் ஒருவரை, அப்பிரிவைச் சேராத ஒருவர் பலர் அறியச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது அச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி நாவை அடக்குவது முதற்படியே. மனமாற்றமே நாம் வேண்டுவது.

சரியான பயன்பாடு

இனிப் பாடத்தின் முடிவுக்கு வருவோம். இச்சொல்லை நாம் எவ்வாறு கையாள வேண்டும்?

முதலாவது, படிக்கும்போது பொருள் தெரிந்திருக்க வேண்டும். செய்தித்தாளிலும் பழைய நூல்களிலும் அது வரும். தெரியாமல் கடந்து போவது அறிவன்று.

இரண்டாவது, நம் சொந்தக் கட்டுரையிலும் கடிதத்திலும் பேச்சிலும் அதனைப் பயன்படுத்தாதிருப்போம். லண்டனில் எழுதுகிறவருக்கு அது மக்களின் பெயர் என்பது தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும். தெரிந்தவருக்குப் பொறுப்பு அதிகம்.

மூன்றாவது, அதற்குப் பதிலாக நல்ல சொற்கள் இருக்கின்றன. இறுதியில் 'ஈ' இல்லாத 'அவுட்காஸ்ட்' இருக்கிறது. வினையாக 'ஆஸ்ட்ரசைஸ்' இருக்கிறது. பழைய ஏதென்சு நகர மக்கள் 'ஆஸ்ட்ரகான்' என்னும் ஓட்டுச் சில்லில் ஒருவர் பெயரைக் கீறி வாக்களித்து, அவரைப் பத்து ஆண்டுகள் நாடு கடத்துவர். அதிலிருந்து வந்த சொல் இது. நம் உத்திரமேரூரில் சோழர் காலத்தில் ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தனர். அங்கே விலக்குவதற்கு ஓடு. இங்கே சேர்ப்பதற்கு ஓலை. 'பாய்காட்' என்ற சொல்லும் உண்டு. 1880-இல் அயர்லாந்தில் குடியானவரை வருத்தியதால் ஊரார் புறக்கணித்த பாய்காட் என்பவரின் பெயர் அது. அங்கே ஒடுக்கியவன் பெயர் சொல்லாயிற்று. இங்கே ஒடுக்கப்பட்டவர் பெயர் சொல்லாயிற்று. இவ்வேற்றுமையை நன்கு எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, 'பரையா' வேண்டாம் என்று 'லெப்பர்' என்ற சொல்லுக்குத் தாவ வேண்டாம். நோயுற்றவரின் துன்பத்தை வசவாக்குவதும் அதே பிழையே.

ஐந்தாவது, பறை என்னும் கருவியைப் பற்றிப் பேச நாணம் வேண்டாம். மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கல்லூரி மாணவியரும் இன்று பறை கற்கின்றனர். சொல் தாழ்ந்ததன்று, தாழ்த்தியவர் மனமே தாழ்ந்தது.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றை 'பரையா' என்னும் சொல் இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதுக.

1. உண்மையைச் சொன்னதற்காக ஊரார் அவளோடு பேசுவதை நிறுத்தினர்.
2. இனவெறி அரசை உலக நாடுகள் ஒதுக்கி வைத்தன.
3. புதிதாகச் சேர்ந்த மாணவியோடு யாரும் உட்காரவில்லை.

மூன்றாவது வாக்கியத்தை எழுதும் முன், நம் வகுப்பில் அப்படி யாரேனும் தனியே உட்கார்ந்திருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இருந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் அருகே போய் உட்காருங்கள். வாக்கியத்தைப் பிறகு எழுதிக் கொள்ளலாம்.